வாழைத்தண்டுச் சாறு

ஜூன் 3, திங்கள்

காலை எடை அறுபத்து நான்கு. கணுக்காலில் வீக்கம் இருக்கிறது, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து மேசைமேல் வைத்தாயிற்று. இன்றைக்கு அவ்வளவுதான்.

இதை மட்டும் எழுதினால் போதும் என்றுதான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லி அனுப்பினாள். பெயின்ட் கடையில் ஓசியில் கொடுத்த டைரி. பக்கத்துக்கு மூன்று வரி எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமனே விட எனக்கு மனம் வரவில்லை. ஓசியில் வந்தாலும் காகிதம் காகிதம்தானே.

முப்பது வருடம் மாநகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் பம்ப் ஆபரேட்டராக இருந்தேன். கோயமுத்தூரில் பாதிப் பேருக்குத் தண்ணீர் ஏற்றிவிட்ட நாச்சிமுத்துவுக்கு இன்று ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று விதித்திருக்கிறான் ஆண்டவன். அவனுக்கும் கிண்டல் தெரிகிறது.

வீட்டுக்கு அனுப்பும் முன் இதய டாக்டர் படம் போட்டு விளக்கினார். இதயம் பலவீனமாகிவிட்டதாம். அதனால் கிட்னியும் பாதி வேலைதான் செய்கிறதாம். படமே தேவைப்படவில்லை, எனக்குப் புரிந்தது. பம்ப் தளர்ந்தால் கடைக்கோடித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது. அந்தத் தெருக்காரர்கள் ஊரிலேயே பஞ்சம் என்று நினைத்து, கொஞ்சம் வந்தாலும் குடம், அண்டா, தொட்டி என்று நிரப்பி வைத்துக்கொள்வார்கள். கிட்னியும் அதையேதான் செய்கிறது. ரத்தம் சரியாக வரவில்லை என்றதும், உடம்பு வறண்டுவிட்டதென்று பயந்து உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்தத் தண்ணீர் காலில் இறங்குகிறது, நெஞ்சில் ஏறுகிறது. பம்ப் இன்னும் திணறுகிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை, இரண்டும் பயந்துபோய் ஒன்றை ஒன்று கெடுக்கின்றன.

ஜூன் 5, புதன்

எடை அறுபத்து மூன்றரை.

கிட்னி டாக்டரிடம் போனேன். பானுரேகா என்று பெயர், சின்ன வயது, முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். இதய டாக்டர் நீர் பிரியும் மாத்திரையை ஏற்றுகிறார். நீர் ரொம்பப் பிரிந்தால் கிட்னி காய்ந்துபோகும் என்று இந்த அம்மா குறைக்கிறார். இரண்டு மாமியாருக்கு நடுவே ஒரு மருமகளாக நான் இருக்கிறேன். கல்யாணமே ஆகாதவனுக்கு இப்படி ஒரு அனுபவம்.

"கூட யாரு சார் இருக்காங்க?" என்று கேட்டார்.

"தங்கச்சி மக இருக்கா" என்றேன். இருக்கிறாள். சேலத்தில் இருக்கிறாள். கோகிலவாணி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள்.

ஜூன் 6, வியாழன்

காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். இந்த ஹவுசிங் போர்டு வீட்டுக்கு வந்த பிறகு அந்த நேரத்தில் என் கதவைத் தட்டியவர் யாரும் இல்லை. கேஸ்காரன்கூடப் பத்து மணிக்கு மேல்தான் வருவான்.

மூன்றாம் மாடி திருமூர்த்தி. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் இரண்டு வருடம் ஆகிறது. படியில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். கையில் எவர்சில்வர் டம்ளர், மேலே ஒரு தட்டு மூடி.

"ஏனுங்ண்ணா, கிட்னியும் சரியில்லைன்னு சொல்லிப்போட்டாங்களாமா? வாட்ச்மேன் சொன்னான்."

"ஆமாங்க தம்பி, கொஞ்சம்."

"கொஞ்சமோ நெறையவோ, இதைக் குடிங்க. வாழைத்தண்டுச் சாறுங்க. உழவர் சந்தைக்குப் போயி இளசாப் பாத்து வாங்கி, நார் எடுத்து, மோர் ஊத்தி அடிச்சது. கிட்னியைக் கழுவி உட்டுரும்."

வாழைத்தண்டு கிட்னிக்கு நல்லது என்று தெரியாதவர் தமிழ்நாட்டில் உண்டா? குடித்தேன். துவர்ப்பாக, குளிர்ச்சியாக இருந்தது. என் ஒரு லிட்டர் கணக்கில் இதைக் கழித்துக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

திருமூர்த்தி ஞாயிறு தோறும் பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். சாறு இல்லை. கோகிலா போன் செய்தாள். சீக்கிரம் பேசி முடித்துவிட்டாள், பையனுக்குப் பரீட்சையாம்.

ஜூன் 14, வெள்ளி

எடை அறுபத்து மூன்று. வீக்கம் குறைந்திருக்கிறது.

இப்போதெல்லாம் ஆறு மணிக்கே எழுந்து குளித்து, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். டாக்டர் சுறுசுறுப்பாக இருக்கச் சொல்லியிருக்கிறார். நேற்று கடைவீதியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினேன். மடித்த துணியைப் போட்டு வைக்க வசதியாக இருக்கும்.

திருமூர்த்தி அதில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போகிறார். பேச்சு முழுக்க பஸ்தான். எந்த டிரைவர் எத்தனை நிமிடம் தாமதமாக வருவான், எவன் காரணம் சொல்வான், எவன் சொல்லமாட்டான். நடுவில் இன்று சுலோச்சனாவைப் பற்றிச் சொன்னார். அவர் மனைவி. கிட்னி போனபோது டாக்டர் ஆறு மாதம் தாங்கினால் பெரிது என்றாராம்.

"நாலு வருசம் வெச்சிருந்தனுங்ண்ணா. இந்தக் கையால ஒரு நாள் தவறாம வாழைத்தண்டு அடிச்சுக் குடுத்தேன். மழை பெஞ்சாலும் சந்தைக்குப் போயிருவேன். ஆறு மாசம்னவங்க வாயை அடைச்சுப்போட்டேன்ல?"

சொல்லும்போது வலது கையை விரித்துக் காட்டினார். தண்டு நாரைச் சுற்றிச் சுற்றி இழுத்து ஆள்காட்டி விரலில் தழும்பு விழுந்திருந்தது. இந்த மனிதருக்கு உலகத்தில் இருக்கிற ஒரே பெருமை அந்த நாலு வருடம் என்று தோன்றியது.

ஜூன் 16, ஞாயிறு

எடை பார்க்கவில்லை. பார்த்து என்ன.

ஜூன் 22, சனி

இரண்டு நாளாகக் கால்கள் கனக்கின்றன. வீக்கம் இல்லை, ஆனாலும் கட்டிலிலிருந்து எழ நாற்காலியைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. திருமூர்த்தியிடம் சொன்னேன். "அப்ப இன்னும் கொஞ்சம் கூட்டிக் குடுக்கறனுங்" என்றார். மத்தியானமும் ஒரு டம்ளர் கொண்டுவந்தார். மத்தியானம் வந்தவர் மூன்று மணிவரை இருந்தார்.

ஜூன் 26, புதன்

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். டைரியைத் திருமூர்த்திதான் எடுத்துவந்து கொடுத்தார்.

நேற்றுக் காலை அவர் கதவைத் தட்டியபோது என்னால் எழுந்து திறக்க முடியவில்லை. கால் இரண்டும் என்னுடையவையாகவே இல்லை. "தம்பி" என்று கூப்பிட்டிருக்கிறேன், சத்தம் வரவில்லை போலிருக்கிறது. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வாட்ச்மேனைக் கூட்டிவந்து தாழ்ப்பாளை உடைத்திருக்கிறார். ஆட்டோவில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, வழியெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். "இந்த டைமிங்குல எங்கட்ட வந்திருந்தீன்னா உன்னைய சஸ்பெண்ட் பண்ணியிருப்பேன்" என்று அவர் கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நாடித்துடிப்பு ரொம்பவும் இறங்கிவிட்டதாம். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து ஓடினார்கள். ஊசிமேல் ஊசி. எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது, ஆனால் இன்சுலின் போட்டு, கூடவே குளுக்கோஸும் ஏற்றினார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டதாம், அதை இறக்குவதற்கு இதுதான் வழியாம்.

டாக்டர் பானுரேகா வந்து, "நாட்டு மருந்து, ஜூஸ், இளநீர் ஏதாவது சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டார். திருமூர்த்தி கட்டிலுக்கு அந்தப் பக்கம் என் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க" என்றேன்.

ஜூன் 27, வியாழன்

இன்று திருமூர்த்தி காபி வாங்கப் போன நேரத்தில் டாக்டரம்மா மறுபடியும் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதய மாத்திரையால மட்டும் இவ்வளவு ஏறாது சார். நிஜத்தைச் சொல்லுங்க."

சொன்னேன்.

அவர் திட்டவில்லை. கண்ணை மூடித் திறந்தார். "வாழைத்தண்டுல பொட்டாசியம் ஜாஸ்தி. கிட்னி நல்லா இருக்கறவங்களுக்கு மிச்சம் வெளிய போயிடும். உங்க கிட்னிக்குத் தள்ளத் தெம்பில்லை. நாங்க குடுத்த இதய மாத்திரையும் அதை உள்ளயே நிறுத்தி வைக்கும். ரெண்டும் சேர்ந்து ரத்தத்துல ஏறினா இதயம் துடிக்கறதையே நிறுத்திடும். முந்தாநேத்து நீங்க அங்கதான் போய்ட்டு வந்தீங்க."

"கிட்னிக்கு நல்லதுன்னு..."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கல்லு இருக்கறவங்களுக்குச் சொன்னதை, கிட்னியே கெட்டவங்களும் குடிக்கறாங்க. மாசத்துக்கு ரெண்டு பேராவது இதனால இங்க வர்றாங்க. யாரு குடுத்தா உங்களுக்கு?"

"நானேதான் அடிச்சுக் குடிச்சேன்."

திருமூர்த்தி இரண்டு கையிலும் காபியோடு வந்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

ஜூன் 28, வெள்ளி

இன்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியுங்ண்ணா எதனால ஆச்சுன்னு. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நான் இல்லாமப் போயிர்றேன்ல? அந்த ஒரு நாள் சாறு உட்டுப்போவுது. சுலோவுக்கும் அப்படித்தான், கடைசியில ஒரு வாரம் நான் காய்ச்சல்ல கெடந்தேன், உடனே விழுந்துட்டா. இனிமேப்பட்டு பொள்ளாச்சிக்குப் போகலைங்க. மகளை இங்க வந்து பாக்கச் சொல்லிட்டேன்."

அவள் எதனால் விழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. டாக்டரே தெரியாது என்பார். ஆனால் நான் வாயைத் திறந்தால் அவர் என்ன நினைப்பார் என்று தெரியும். ஆறு மாதத்தை நாலு வருடமாக்கிய கை, நாலு வருடமாக நஞ்சு கொடுத்த கையாகிவிடும். சொல்லவில்லை.

ஜூன் 29, சனி

வீடு. கதவில் புதுத் தாழ்ப்பாள். திருமூர்த்தியே ஆளைக் கூட்டிவந்து போட்டிருக்கிறார். வெளியிலிருந்து திறக்கிற மாதிரி போட்டு, ஒரு சாவியை அவர் வைத்துக்கொண்டார்.

அந்த இதய மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். பொட்டாசியம் இறங்கி அங்கேயே நின்றால்தான் திரும்பத் தருவார்களாம். அது இல்லாமல் என் இதயம் ரொம்ப நாள் தாங்காது என்றும் சொன்னார்கள். கிட்னிக்காக இதயத்தின் மருந்தை நிறுத்துகிறார்கள், இதயம் தளர்ந்தால் கிட்னி இன்னும் தளரும்.

ஜூலை 1, திங்கள்

எடை அறுபத்து மூன்றரை.

ஏழு மணிக்கு வந்தார். டம்ளர், தட்டு மூடி. "இன்னைக்குத் தண்டு பாருங், பாப்பாத் தொடையாட்டம் அவ்வளவு இளசு" என்றார்.

மரியாதைக்கு இரண்டு மடக்குக் குடித்தேன். மிச்சத்தை "மெதுவா குடிக்கிறேன் தம்பி" என்று மேசைமேல் வைத்தேன். அவர் போனதும் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். இப்படியே சமாளித்துவிடலாம்.

ஜூலை 4, வியாழன்

சமாளிக்க முடியவில்லை. மனிதர் முப்பது வருடம் டைம் கீப்பர். டம்ளரில் பாதி இருந்தால் எழுந்திருக்கமாட்டேன் என்கிறார். "குடிச்சுப்போடுங்ண்ணா, நொரை அடங்கினா சத்துப் போயிரும்."

அரை டம்ளர் குடித்தேன். அவருக்குப் போன் வந்து வெளியே போன சமயத்தில் மிச்சத்தை ஊற்றினேன். மாத்திரைதான் நிறுத்தியாயிற்றே, அரை டம்ளரால் என்ன ஆகிவிடும்?

இன்று பேச்சு சுவாரசியமாக இருந்தது. வால்பாறை பஸ் மலையேறும்போது பிரேக் பிடிக்காமல் போன கதை. வயிறு வலிக்கச் சிரித்தேன், சிரிப்பு இருமலாக மாறி அவர் முதுகைத் தட்டிவிட்டார். யாராவது என் முதுகைத் தொட்டு எவ்வளவு காலம் ஆகிறது.

ஜூலை 10, புதன்

எடை அறுபத்து ஐந்து. வீக்கம் முழங்கால்வரை வந்துவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வைத்துத் தூங்குகிறேன்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னும் குடிக்கறீங்களா?"

"கொஞ்சம்."

"ஏன் சார்? வாயைக் கட்ட முடியாத அளவுக்கு அது அவ்வளவு ருசியா?"

சிரித்து மழுப்பினேன். அவர் சிரிக்கவில்லை. "பொட்டாசியம் இறங்காம என்னால அந்த மாத்திரையைத் திரும்பத் தர முடியாது. அது இல்லாம உங்க இதயம் தாங்காது. நான் சின்னப் பொண்ணு, உங்களுக்குப் புத்தி சொல்றேன்னு நினைக்காதீங்க. யாருக்காகவோ குடிக்கறீங்கன்னா, அவங்ககிட்ட நான் வேணும்னா பேசறேன்."

"யாரும் இல்லீங்க" என்றேன். வெளியே தூறல். பஸ் ஸ்டாப்பில் திருமூர்த்தி குடையோடு நின்றுகொண்டிருந்தார். எந்தப் பஸ்ஸில் வருவேன் என்று கணக்குப் போட்டு வந்திருக்கிறார்.

ஜூலை 11, வியாழன்

அரை டம்ளர்.

ஜூலை 14, ஞாயிறு

இன்றும் வந்தார். சொன்னபடி பொள்ளாச்சிக்குப் போகவில்லை. கோகிலா போன் செய்தபோது "அப்புறம் பேசறேன் கண்ணு, ஆள் வந்திருக்காங்க" என்றேன். அப்படிச் சொல்ல எவ்வளவு நன்றாக இருந்தது.

முக்கால் டம்ளர்.

ஜூலை 15, திங்கள்

திருமூர்த்தி இன்று உற்சாகமாக வந்தார்.

"சி பிளாக்குல ஜெயசீலி டீச்சர் இருக்காங்கள்ல? அவங்களுக்கும் கிட்னி போச்சுங்களாமா. வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ் பண்ணோணும்னு சொல்லியிருக்காங்க. பாவம், அவங்களும் தனிக்கட்டை. நாளையில இருந்து அவங்களுக்கும் சேத்து அடிக்கப்போறேன். ரெண்டு டம்ளர்னா ஒரு முழுத் தண்டு வேணும், சந்தைக்காரன்கிட்டச் சொல்லி வெச்சுட்டேன்."

முகம் அப்படிப் பளிச்சென்று இருந்தது. சுலோச்சனா போன பிறகு அவருக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததில்லை. முதலில் நான் வந்தேன், இப்போது டீச்சர்.

நான் குடித்தது என் பாடு. தெரிந்து குடித்தேன். ஜெயசீலி டீச்சருக்குத் தெரியாது. என்னைப் போல அவரும், காலையில் ஒரு ஆள் கதவைத் தட்டினால், கொடுத்ததை வாங்கிக் குடித்துவிடுவார்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

ஜூலை 16, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

இரண்டு டம்ளரோடு வந்தார். எனக்குக் கொடுத்துவிட்டு சி பிளாக்குக்குப் போவதாக இருந்தார். உட்காரச் சொன்னேன். சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தேன்.

"தம்பி, டாக்டரம்மா என்னை இதைக் குடிக்க வேண்டாங்கறாங்க. என்னோட இதய மாத்திரையோட சேராதாமா. அன்னைக்கு நான் விழுந்தது அதனாலதானாமா."

அவர் முகம் மாறவில்லை. யோசித்தார். "அப்படிங்களா? இதய மாத்திரையோடதானுங்களே? சரி, உங்களுக்கு நிறுத்திப்போடலாம். முன்னமே சொல்றதுக்கென்னங்ண்ணா, பாவத்துக்கு ஆளாயிருப்பேன்ல?" என்று என் டம்ளரை எடுத்துக்கொண்டார். மற்றதையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். "டீச்சருக்கு இதயத்துல ஒண்ணும் இல்லீங்க, கிட்னி மட்டுந்தான். நான் போயிக் குடுத்துட்டு வந்துர்றேன்."

அங்கேயே நிறுத்திக்கொள்ளலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்ததை மறைக்கப் போவதில்லை.

"தம்பி, டீச்சருக்கும் வேண்டாங்க. கிட்னி கெட்ட யாருக்குமே ஆகாதாமா."

கதவருகே நின்றார். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. தெருவில் பால் வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"யாருக்குமேவா?" என்றார்.

"அப்படித்தான் சொன்னாங்க."

"அப்பச் சுலோவுக்கு?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், அந்த நேரத்தில் ஒன்றும் வரவில்லை. அவர் திரும்பி வந்து, இரண்டு டம்ளரையும் தொட்டியில் அவரே கவிழ்த்தார். கழுவினார். ஈரத்தோடு எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

ஜூலை 17, புதன்

வரவில்லை.

ஜூலை 18, வியாழன்

எடை அறுபத்து ஐந்து. யாரும் வரவில்லை.

ஜூலை 19, வெள்ளி

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். வாட்ச்மேனிடம் கேட்டேன். மூன்றாம் மாடி அய்யா கீழே இறங்கவே இல்லை என்றான். பால் பாக்கெட் மட்டும் கயிற்றுப் பையில் மேலே போகிறதாம். உயிரோடுதான் இருக்கிறார்.

சட்டை போட்டு ஏழு மணிக்கு உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்குக் கழற்றினேன்.

ஜூலை 20, சனி

பொட்டாசியம் இறங்கிவிட்டது. டாக்டரம்மா போனிலேயே சந்தோஷப்பட்டார். மாத்திரையைக் குறைந்த அளவில் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். "கட்டுப்பாடா இருந்திருக்கீங்க சார், குட்" என்றார்.

இப்படி ஒரு நல்ல செய்தியைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

மழை. கோகிலா கேட்டாள், "ஏன் மாமா குரல் ஒரு மாதிரி இருக்கு?" சளி என்றேன்.

ஒரு விஷயத்தை எழுதிவிடுகிறேன். அவர் மனம் நோகக் கூடாதென்றுதான் குடித்தேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி நிஜம்கூட இல்லை.

ஜூலை 22, திங்கள்

எடை அறுபத்து நான்கு.

இன்று மூன்று மாடி ஏறினேன். டாக்டரம்மாவுக்குத் தெரிந்தால் இன்னொரு தடவை முகம் சிவக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் படியில் உட்கார்ந்து, மூச்சு அடங்கிய பிறகு எழுந்தேன். இரண்டாம் மாடியில் துணி காயப்போட வந்த பெண், "என்னுங் மாமா, இங்க உக்காந்துட்டீங்க? யாராச்சும் வேணுமா?" என்று கேட்டாள். "திருமூர்த்தி வேணும்" என்றேன். கூப்பிடட்டுமா என்றாள். வேண்டாம், நானே போகிறேன் என்றேன்.

அவர் கதவை நான் தட்டுவது இதுதான் முதல் தடவை. திறந்தவர் முகத்தில் ஒரு வாரத் தாடி. என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"ஏனுங்ண்ணா, உங்க நெஞ்சு இருக்கற இருப்புக்கு மாடி ஏறலாமுங்களா? ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"போட்டா எடுத்திருப்பீங்களா?"

உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலில் உட்காரவைத்தார். ஃபேனைப் போட்டார். எனக்கு மூச்சு சீராகும்வரை எதிரே சுவரில் சாய்ந்து நின்றார். சுலோச்சனா படத்துக்குப் போட்ட பூ வாடிக் கருகியிருந்தது.

"நாலு வருசம்" என்றார். "ஒரு நாள் தவறாம. பக்கத்துல உக்காந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்க வெச்சனுங்ண்ணா. இந்தக் கையை என்ன பண்றதுன்னே தெரியலைங்க."

ஏறும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். டாக்டருக்கே நிச்சயமாகத் தெரியாது என்று சொல்ல வேண்டும், விதி என்று சொல்ல வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"நானும் குடிச்சேன் தம்பி" என்றேன். "ஆஸ்பத்திரிலயே எனக்குத் தெரியும். செத்துப்போவேன்னு டாக்டரம்மா விளக்கமாச் சொல்லிட்டாங்க. அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் குடிச்சேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"எதுக்குங்க?"

"குடிக்கலைன்னா நீங்க எதுக்கு வருவீங்க?"

சொல்லிவிட்டேன். அறுபத்தேழு வயதில் ஒரு மனிதரிடம் இப்படிக் கேட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. அவர் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். பிறகு, என்னிடம் கேட்பதுபோல இல்லாமல், படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அவகிட்டயும் டாக்டர் தனியாச் சொல்லியிருப்பாங்களோ?"

"அது எனக்குத் தெரியாதுங்க. வேண்டாம்னு எப்பவாச்சும் சொன்னாங்களா?"

"ஒரு நாளும் சொன்னதில்லைங்க. பச்சைத்தண்ணி குடிக்கவே முடியாதுன்னு கெடந்த அன்னைக்கும் இதைக் குடிச்சா. குடிச்சுப்போட்டு, உக்காருங்க, எங்க அவசரமாப் போறீங்கம்பா. அதையேதான் சொல்லுவா, தெனமும்."

அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. எனக்கும் வந்தது. யார் யாருக்காக அழுதோம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். மத்தியானம் அவர் உப்பில்லாமல் ரசம் வைத்தார், இருவரும் சாப்பிட்டோம். இறங்கும்போது கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார்.

"நாளைக்கு வாங்க தம்பி" என்றேன். "ஒண்ணும் கொண்டுவர வேண்டாம்."

"வெறுங்கையோட எப்படிங்ண்ணா வர்றது?" என்றார்.

ஜூலை 23, செவ்வாய்

ஏழு மணிக்கு வந்தார். வாசல்படியில் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், எங்கே வைப்பதென்று தெரியாமல் தொங்கவிட்டார். "சும்மாதானுங்ண்ணா வந்தேன்" என்றார்.

எடை பார்க்க மறந்துவிட்டேன்.